கப்பற் கூலியும் காவற்கூடமும்



வெளிநாடு புறப்படும் பிள்ளையின் பெற்றோர் ஏஜென்சிக்காரனைப் பற்றி முதலில் விசாரிப்பது, “ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பானா, காசு போய்விடுமா?” என்பதையே. சேர்ந்த பின் என்ன நடக்கும் என்று விசாரிப்போர் மிகச் சிலர். இவ்வாரம் அந்த இரண்டாம் கேள்வியைச் சற்று ஆராய்வோம். அதற்கு நம்மவர் ஏறிச்சென்ற ஒரு கப்பலின் கதையே போதும்.

2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் ‘சன் சீ’ என்னும் பழைய சரக்குக் கப்பல் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள எஸ்குவைமோல்ட் கடற்படைத் துறைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண்கள் 380, பெண்கள் 63, சிறுவர் 49, ஆக 492 இலங்கைத் தமிழர் அதில் இருந்தனர். வழியில் ஒருவர் கடலிலேயே உயிரிழந்தார். தாய்லாந்திலிருந்து வந்த இப்பயணம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. ஆளொருவருக்குப் பேசப்பட்ட தொகை 20,000 முதல் 30,000 டொலர் வரை. புறப்பட்ட சிறிது காலத்திலேயே தாய்லாந்து மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் போய்விட்டனர். பயணிகளுள் பன்னிருவர் எந்திரம் பார்ப்பது, சமைப்பது, காவல் நிற்பது என்று வேலைகளைத் தம்மிடையே பகிர்ந்துகொண்டு கப்பலைக் கரைசேர்த்தனர். இந்தப் பன்னிருவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இவர்களிடம் திரும்புவோம்.

இவ்வாறு ஆளேற்றும் தொழில் ஒரு சங்கிலி போன்றது. ஊரில் ஆள் பிடிப்பவன் ஒருவன், விசா எடுத்துக் கொடுப்பவன் வேறொருவன், இடைவழி நாட்டில் வீடு பிடித்துத் தங்கவைப்பவன் இன்னொருவன். காசோ பெரும்பாலும் பாதி முன்பணம், மீதி போய்ச் சேர்ந்த பின். ஒவ்வொருவனும் தனக்கு அடுத்தவனை மட்டுமே அறிவான். ஆகவே பொலிசாரின் கையில் அகப்படுவது கடைசிக் கண்ணிதான். கப்பலை வாங்கியவனும் காசை எண்ணியவனும் அகப்படுவது அரிது. பயணியின் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் இவர்களின் வழக்கம். அதன் விளைவைப் பயணி அனுபவிப்பது காவற்கூடத்தில்.

கரையேறியதும் சன் சீ பயணிகள் அனைவரும் தடுத்து வைக்கப்பட்டனர். ஆண்களும் பெண்களும் வெவ்வேறு சிறைக்கூடங்களுக்கும், பிள்ளைகளோடு வந்த தாய்மார் பேர்ணபியிலுள்ள இளைஞர் காவற்கூடத்துக்கும் அனுப்பப்பட்டனர். கனடாச் சட்டப்படி 48 மணி நேரத்தினுள் ஒரு விசாரணை, அடுத்த 7 நாளில் ஒன்று, அதன்பின் 30 நாளுக்கு ஒன்று நடக்கவேண்டும். நீதியான ஏற்பாடுதான். ஆனால் அதிகாரி கேட்கும் முதற் கேள்வி, “நீ யார்?” என்பது. கையில் கடவுச்சீட்டு இல்லாதவன் அதை எப்படி நிறுவுவான்? சொந்த நாட்டுத் தூதரகத்தைக் கேட்கலாமென்றால், அந்த நாட்டு அரசுக்கு அஞ்சி ஓடிவந்தவனுக்கு அதுவே ஆபத்தாகலாம். கப்பற்கூலியில் பாக்கி இருந்தால், கடன்காரருக்குப் பயந்து தலைமறைவாவான் என்ற ஐயமும் சேரும். இவ்விதம் மாதங்கள் கழிய, ஊரில் வைத்த காணி ஈட்டுக்கும் நகை அடைவுக்கும் வட்டி ஏறிக்கொண்டே போகும்.

அதிகாரிகளின் பக்கமும் சிறிது நியாயம் உண்டு என்பதை மறுக்கவியலாது. ஒரே நாளில் 492 பேர் இறங்கினால் அவர்களுள் ஆளேற்றியவன் யார், ஏற்றப்பட்டவன் யார் என்று பிரித்தறிவது இலேசன்று. ஆனால் 2012இல் கனடா இயற்றிய சட்டம் அளவுக்கு மிஞ்சியது என்பதே எமது எண்ணம். கூட்டமாக வந்தோர் என அமைச்சர் குறிப்பிடுவோருக்கு முதல் விசாரணை 14 நாளில். அடுத்தது ஆறு மாதம் சென்ற பின்!

சட்டம் இங்கு இரண்டு குற்றங்களை வேறுபடுத்துகிறது. மனிதரை ஏய்த்தோ வற்புறுத்தியோ சுரண்டுவதற்காகக் கொண்டுபோவது ஆள் வியாபாரம். அவர் விருப்பத்தோடு காசு வாங்கிக்கொண்டு எல்லை தாண்டவைப்பது களவாய் ஆளேற்றல். 2000ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கை, இந்த இரண்டாவது குற்றத்தைப் பணமோ வேறு பொருள் இலாபமோ கருதிச் செய்வது என்று வரையறுக்கிறது; இவ்வாறு ஏற்றப்பட்டவரை அக்காரணத்துக்காகவே குற்றவாளியாக்கலாகாது என்றும் கூறுகிறது.

இனி அந்தப் பன்னிருவர். கப்பலில் வேலை செய்தமையால் அவர்களுட் சிலர் ஆளேற்றும் கூட்டத்துக்குத் துணைபோனவர் எனக் கொள்ளப்பட்டு, அகதிக் கோரிக்கைக்கே தகுதியற்றோர் ஆக்கப்பட்டனர். எந்திரத்தின் வெப்பத்தையும் எண்ணெயையும் பார்த்திருந்தவரும், சோறு சமைத்தவரும் இதில் அடங்குவர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2015 நவம்பர் 27இல், கனடா உச்ச நீதிமன்றம் அத்தீர்மானங்களைத் தள்ளிவைத்தது. உயிர் தப்பும் பயணத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுத்தது ஆளேற்றும் குற்றமாகாது என்பதே தீர்ப்பின் சாரம். அன்றே வழங்கிய மற்றொரு தீர்ப்பில், குடும்பத்தாருக்கு உதவுபவரையும் இரக்கத்தால் உதவுபவரையும் இச்சட்டத்தால் தண்டிக்கலாகாது எனவும் அந்நீதிமன்றம் கூறிற்று. இந்த இரண்டாம் வழக்கு, 2009 ஒக்டோபரில் 76 தமிழரோடு வந்த ‘ஓஷன் லேடி’ கப்பலைப் பற்றியது.

இத்தகைய வழக்குகளுக்காகத் தாய்மார் பங்குமனைக்கு வந்து கடிதம் கேட்பதுண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள பெயரையும் திகதியையும் உள்ளபடி எழுதித் தருவோம். அது பலருக்கு உதவியிருக்கிறது. “வயதைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கோ சுவாமி” என்று கேளாதீர்கள். பிள்ளை அங்கே சொன்ன திகதிக்கும் எமது கடிதத்துக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்தாலும் அடுத்த 30 நாளும் அவன் உள்ளேதான். புறப்படுமுன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மூலப் பிரதியையும் அடையாள அட்டையின் நகலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஏஜென்சிக்காரன் எல்லாவற்றையும் கேட்பான், எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள்.