ஓடும் நதி தானே சுத்தமாகுமா?

ஓடுகிற தண்ணீர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், நம் காலனிச் சாக்கடை யமுனைக்கு எம்மாத்திரம் என்று டில்லியின் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் படித்தவர்களே சொல்லக் கேட்டுக் கேட்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குப் பொறுமை போய்விட்டது. குடியிருப்புக்குள்ளேயே சிறியதொரு சுத்திகரிப்பு நிலையம் அமைக்கலாம் என்று எப்போது பிரஸ்தாபித்தாலும் இந்தப் பேச்சே குறுக்கே வந்து நிற்கிறது.

நதியைச் சுத்தம் செய்வது அதன் ஓட்டமன்று. நீரில் கரைந்த பிராணவாயுவைச் சுவாசித்துக்கொண்டு அழுக்கைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களே அதைச் செய்கின்றன. கழிவு கலந்த இடத்துக்குக் கீழே பிராணவாயு படிப்படியாகக் குறைந்து, பின்னர் காற்றிலிருந்து மெல்ல மெல்ல ஈடாவதை, ஓஹையோ நதியை ஆராய்ந்த ஸ்டிரீட்டர், பெல்ப்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் 1925-ஆம் ஆண்டிலேயே கணித சூத்திரமாக எழுதி வைத்துவிட்டார்கள். அது ஈடாவதற்குக் கழிவைப்போலப் பன்மடங்கு நல்ல ஜலமும், அடுத்த சாக்கடை வந்து விழுமுன் போதிய தூரமும் வேண்டும். டில்லியில் இரண்டும் இல்லை. வஜீராபாத் அணையில் குடிநீருக்காக நதியைத் தேக்கி எடுத்துக்கொண்ட பின், கோடையில் கீழே இறங்குவது அநேகமாக ஒன்றுமில்லை. சற்றுத் தள்ளி, ஒரு காலத்தில் சாஹிபி என்ற நதியாக இருந்த நஜப்கர் சாக்கடை வந்து சேர்கிறது. அங்கிருந்து ஓக்லா வரை 22 கி.மீ. தூரத்துக்குள் மேலும் பல சாக்கடைகள் கலக்கின்றன. 1,376 கி.மீ. நீளமுள்ள நதியில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லாத இந்தத் துண்டில் பிராணவாயு பல மாதங்கள் பூஜ்யமாகவே இருக்கிறது. மூச்சுக்கு வழியில்லாத உயிர்கள் எதைச் சுத்தம் செய்யும்? எட்டாவாவுக்கு அப்பால் சம்பல் வந்து கலந்த பிறகு யமுனை தெளிவடைவது மெய்தான்; அது சம்பலின் நல்ல நீர் செய்யும் உபகாரம். அதற்கு முன்னால் விருந்தாவனமும் மதுராவும் ஆக்ராவும் இருக்கின்றன என்பதை, ஓடும் நீரின் மகிமை பேசுவோர் ஏன் நினைப்பதில்லை?

தலைநகரமே இதற்கு ஒருமுறை விலை கொடுத்தது. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் நஜப்கர் சாக்கடையின் நீர் வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் வாயிலையே எட்டிவிட, குளோரினைக் கூட்டிப் போட்டும், அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. டைபாய்டு பெருகவில்லை, பாக்டீரியாவை மாய்த்த குளோரினுக்கு வைரஸ் தப்பிவிட்டது. பார்வைக்குத் தெளிந்த நீர் பாதுகாப்பானது என்ற அபிப்பிராயத்துக்கும் இதுவே பதில்.

காளிந்தி குஞ்சில் யமுனையின்மேல் குளிர்காலத்தில் மிதக்கும் நுரை முழுவதும் ஆலைகளின் வேலை என்பது தவறு. நம் வீட்டுச் சோப்புத்தூளும் அதில் இருக்கிறது. செப்டிக் டாங்க் இருந்தால் போதும் என்பதும் தவறு. அது கசடைப் படியவைக்குமேயன்றி, வழிந்து வெளியேறும் நீரைச் சுத்தமாக்காது.

சிறிய நிலையம் நாறும் என்போர் பூசாவிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். அங்கே கிருஷி குஞ்ச் குடியிருப்பின் கழிவுநீர், நாளொன்றுக்கு 22 லட்சம் லிட்டர் அளவில், கசடு படிந்த பின் சம்பங்கோரை நட்ட சரளைப் படுகைகளின் ஊடே நகர்ந்து, கோரையின் வேர்களிலும் கற்களிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களால் சுத்தமாகி, வயல்களுக்குப் பாய்கிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பூங்காவின் புல்லுக்கு இறைத்துக்கொண்டே, அந்தப் புல்லுக்குப் போதுமான நீரைப் பக்கத்துச் சாக்கடையில் விடும் ஒவ்வொரு குடியிருப்பிலும் இத்தகைய கோரைப் படுகை வேண்டுமென்று நான் ஓயாமல் வற்புறுத்துகிறேன். கோரையைக் காலத்தில் அறுக்கவும், படிந்த கசடை அள்ளவும் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்தியாக வேண்டும். ஆலைக் கழிவை அதில் கலக்கக் கூடாது. வெளிவரும் நீரைப் பச்சையாகத் தின்னும் காய்களுக்குப் பாய்ச்சவும் கூடாது.