கரிசல்காட்டு அழைப்பை யார் எடுப்பது?

புரட்டாசிக் கடைசி. விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்திருந்தார். துண்டு முனையில் ஒரு கை கரிசல் மண்ணையும், அதில் முளைக்காமல் கிடந்த நாலைந்து மக்காச்சோள விதையையும் முடிந்து கொண்டுவந்தார். அப்போது நான் ஒரு விதை நிறுவனத்தின் கிளையில் வாடிக்கையாளர் பிரிவில் இருந்தேன். பையில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு அவர் மூன்று நாளாகக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது தானியங்கிக் குரல். பில் எண்ணைக் கேட்டிருக்கிறது. கடைக்காரர் துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்ததில் பில் எண் ஏது? மூன்று தடவை தப்பானதும் நன்றி சொல்லித் துண்டித்துவிட்டது.

“ஒரு ஆளு ஆங்னு கேட்டிருந்தாக்கூட வேற விதை வாங்கி ஊனியிருப்பேனே, தம்பி” என்றார். அதற்குள் நிலத்தில் ஈரம் போய்விட்டிருந்தது. மானாவாரிக் காட்டில் அடுத்த ஈரம் எப்போது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அந்தத் தானியங்கியைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். செலவு குறையும், இரவிலும் பதில் கிடைக்கும் என்று கை தூக்கினேன். இரண்டும் உண்மைதான். எந்த அழைப்பை அதனிடம் விடக்கூடாது என்று மட்டும் அன்று யாரும் கேட்கவில்லை. விதை, உரம், மோட்டார், டிராக்டர் கடன், பயிர்க் காப்பீடு என்று இந்த வட்டாரத்து மக்களோடு வியாபாரம் செய்யும் நிறுவனங்களில் வாடிக்கையாளர் சேவையைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக, அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

மென்பொருள் விற்பவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மூன்று கட்டம் போதும்: என்ன கேட்டார்; இன்றைக்குப் பதில் கிடைக்காவிட்டால் அவருக்கு என்ன நட்டம்; யார் முடிவெடுத்தால் இது தீரும்.

பெரும்பாலான நிறுவனங்கள் முதல் கட்டத்தை மட்டும் எழுதுகின்றன. ‘விதை பற்றி 40, பில் பற்றி 60, கடை எங்கே 35’ என்று பட்டியல் போட்டு, அதிகம் வருவதைத் தானியங்கியிடம் கொடுத்துவிடுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. ‘கோவில்பட்டியில் எந்தக் கடையில் கிடைக்கும்’ என்பதும் விதையைப் பற்றிய கேள்வி, ‘முளைக்கவில்லை’ என்பதும் விதையைப் பற்றிய கேள்வி. முன்னதற்கு நாளைக்குப் பதில் சொன்னால் ஒன்றும் கெடாது. பின்னதற்கு நாளைக்குச் சொன்னால் ஒரு பட்டமே போய்விடும். அதனால் பிரிக்க வேண்டியது இரண்டாவது கட்டத்தை வைத்து. நட்டம் எழுதியிருக்கும் வரிகள் எல்லாம் ஆளுக்கு. அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும் வரிகள் தானியங்கிக்கு.

மூன்று மாதம் எந்த மூன்று மாதம் என்பதிலும் கவனம் வேண்டும். சித்திரை, வைகாசியில் எடுத்த கணக்கை வைத்து இந்த வட்டாரத்துக்கு ஆள் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஆவணி கடைசியில் விதைப்புப் பேச்சு ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பூச்சியும் களையும். தை, மாசியில் அறுப்பு, விலை, கடன் தவணை. மழை நாளில் ஒரே காலையில் ஒரு வாரத்து அழைப்புகள் வந்து குவியும். கணக்கைப் புரட்டாசியில் தொடங்குங்கள்.

தானியங்கிக்கு எதைத் தரலாம்

கொடுக்க நிறையவே இருக்கிறது. தவணைத் தேதி, பாக்கித் தொகை, ரசீது, பார்சல் எங்கே நிற்கிறது, அருகில் எந்தக் கடையில் இருப்பு உண்டு. காட்டிலிருந்து இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்கு இரவு ஒன்பது மணிக்கு இதெல்லாம் கிடைப்பது பெரிய உதவி. காலையில் ஆபீஸ் திறக்கட்டும் என்று அரை நாள் கூலியை விட வேண்டியதில்லை.

எல்லைக்கோடு எங்கே என்பதற்கு நல்ல உதாரணம் மத்திய வேளாண் அமைச்சகத்திலேயே இருக்கிறது. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. தவணை ஏறியதா, ஏன் நின்றது என்ற கேள்விகளுக்காக 2023 செப்டம்பரில் கிசான் இ-மித்ரா என்ற சாட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அது தமிழிலும் பதில் சொல்கிறது. பயிரில் சந்தேகம் என்றால் அதே அமைச்சகம் 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் கால் சென்டர் இருக்கிறது, எண் 1800-180-1551. அது ஆட்கள் பேசுவதற்கென்றே உருவான ஏற்பாடு. எடுத்தவருக்குத் தெரியாவிட்டால் அவருக்கு மேலே உள்ள வல்லுநருக்குப் போகும். கணக்கில் இருக்கும் விஷயத்தைக் கணினி சொல்கிறது, காட்டில் இருக்கும் விஷயத்தை மனிதர் கேட்கிறார்.

காட்டில் இருக்கும் விஷயம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2018-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டுதான் மக்காச்சோளத்தில் படைப்புழு இந்தியாவுக்குள் முதல்முறையாகத் தென்பட்டு, அதே பருவத்தில் தமிழ்நாட்டு மானாவாரிக் காடுகளையும் தின்று தீர்த்தது. அதற்கு முந்தின வருடம் எழுதி வைத்த எந்தப் பதில் பட்டியலிலும் அந்தப் புழு இருந்திருக்க முடியாது. ‘குருத்துக்குள்ள உக்காந்து திங்குது, மரத்தூள் மாதிரிக் கழிவு கிடக்கு’ என்று ஒருவர் சொன்னால், தானியங்கி தனக்குத் தெரிந்த பழைய தண்டுத்துளைப்பான் பதிலைத்தான் எடுத்து நீட்டும். ஒரே வாரத்தில் இப்படி நாலு பேர் சொன்னதைக் காதால் கேட்ட ஊழியர்தான், இது பழைய புழு இல்லை என்று எழுந்து மேலாளரிடம் போவார். புதிதாக வரும் கேடு நிறுவனத்தின் காதில் விழ வேண்டுமானால் காது ஒன்று இருக்க வேண்டும்.

பேச்சைச் சரிசெய்வது

நடைமுறையில் அதிகம் சறுக்குவது இங்கே. குரலைப் புரிந்துகொள்ளும் மென்பொருளை வாங்கும்போது செய்தி வாசிக்கும் தமிழில் சோதித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறோம். கயத்தாற்றிலிருந்து கூப்பிடுகிறவர் புன்செயைப் ‘பிஞ்ச’ என்பார். விதையை ‘ஊனினேன்’ என்பார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்களும் இங்கே நிறைய. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இந்த மண்ணின் சொற்களைத் திரட்டி வட்டார வழக்கு அகராதியே போட்டார். அகராதி போடும் அளவுக்குத் தனிச் சொல் உள்ள ஊர் என்பதை மென்பொருள்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

செய்முறை இதுதான். நோட்டில் எழுதிய அழைப்புகளிலிருந்து மக்கள் சொன்ன சொற்களை அப்படியே ஒரு பட்டியலாக எடுங்கள். இருநூறு சொல் சேர்ந்தால் நல்லது. எட்டயபுரம், கழுகுமலை, கடம்பூர், புதூர் என்று நாலு திசையிலிருந்தும் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேரைக் கூப்பிட்டு, காசு கொடுத்து, தானியங்கியோடு பேச வையுங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் நாலு பேராவது அதில் இருக்கட்டும். அவர்களுக்கு எது புரியவில்லையோ அதை மாற்றுங்கள். ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே’ என்று முழம் நீட்டி அளக்க வேண்டாம். ‘வணக்கம், எந்த ஊர்லருந்து கூப்பிடுறீங்க?’ போதும். ஆனால் பதிவு செய்த குரலை ‘அண்ணாச்சி’ என்று உறவு கொண்டாட வைக்காதீர்கள். அந்தச் சொல்லை ஆள் சொன்னால்தான் மரியாதை.

தேர்வு எண்கள் மூன்றுக்கு மேல் போக வேண்டாம். பட்டன் போனைக் காதில் வைத்துக் கேட்டு, எடுத்துப் பார்த்து அழுத்தி, மறுபடி காதில் வைப்பதற்குள் ஐந்தாவது வாக்கியம் ஓடிவிடுகிறது.

ஆளுக்கான கதவு

ஆளிடம் பேச எந்த எண் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கடைசியில் ஒளித்து வைப்பது ஏமாற்று வேலை, அதை நான் வேறு சொல்லில் சொல்ல விரும்பவில்லை. தானியங்கிக்கு இரண்டு முறை புரியாவிட்டால் மூன்றாவது முறை கேட்கவே கூடாது, ஆளுக்குப் போய்விட வேண்டும். ‘முளைக்கல’, ‘செத்துப்போச்சு’, ‘தண்ணி நிக்கி’, ‘காசு எடுத்துட்டாங்க’ போன்ற சொற்கள் காதில் விழுந்தால் ஒரு முறைகூடக் கேள்வி கேட்காமல் ஆளுக்குப் போக வேண்டும். எடுக்கும் ஊழியரின் திரையில் அதுவரை பேசியது இருக்க வேண்டும். பேர், ஊர், பில் என்று முதலிலிருந்து கேட்டால், அதற்கு முன்னால் தானியங்கி கேட்டதற்கு என்ன அர்த்தம்?

எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம்? தொலைபேசி நிறுவனங்களுக்கு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருக்கும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆளிடம் பேசக் கேட்கும் அழைப்புகளில் நூற்றுக்கு 95-ஐ 90 நொடிக்குள் எடுக்க வேண்டும். மழை நாளில் முடியாது என்றால், இத்தனை மணிக்கு இன்னார் கூப்பிடுவார் என்று பேர் சொல்லி நேரம் குறியுங்கள். அந்த நேரத்துக்குக் கூப்பிடுங்கள். இணையத்தில் விற்கிறவர்களுக்குச் சட்டமே உண்டு. 2020-இன் மின்வணிக விதிகளின்படி புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஆளையும் கணினியையும் எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்பதற்குத் தமிழ்நாட்டு மின்வாரியத்தின் மின்னகத்தைப் பார்க்கலாம். 2021 ஜூனில் தொடங்கியது; 94987 94987-க்குக் கூப்பிட்டால் பகலோ இரவோ ஊழியர் எடுக்கிறார். புகாரைக் கணினியில் பதிந்து அந்தந்தப் பகுதி அலுவலகத்துக்கு அனுப்புகிறார், புகார் எண் குறுஞ்செய்தியாக வருகிறது. காது ஆளுடையது, கால் கணினியுடையது. சிறு நிறுவனம்கூட இந்த அமைப்பை இரண்டு ஊழியர்களோடு நடத்திவிடலாம்.

அந்த ஆளுக்கு அதிகாரம்

ஆளைப் போட்டுவிட்டு ‘மேலே சொல்றேன்’ என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் இல்லையென்றால், அவரும் பேசும் தானியங்கிதான். கிரீஷ் மாத்ருபூதம் என்ற திருச்சிக்காரரின் கதை தொழில்நுட்பத் துறையில் பலருக்கும் தெரியும். அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது அவருடைய டிவி உடைந்து வந்தது. காப்பீட்டுப் பணத்துக்காகப் பல மாதம் மின்னஞ்சலும் தொலைபேசியுமாக அலைந்தும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இணையத்தில் பொதுவெளியில் எழுதினார். அந்தச் சரக்கு நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்டார், பணம் வந்துசேர்ந்தது. 2010-இல் அவர் சென்னையில் தொடங்கிய பிரெஷ்டெஸ்க் வாடிக்கையாளர் புகார்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள். பிரெஷ்வொர்க்ஸ் என்று வளர்ந்து 2021-இல் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. அந்தக் கதையில் எனக்குப் படுவது, படிவங்கள் பல மாதம் செய்யாததை முடிவெடுக்கக்கூடிய ஒருவர் பார்த்ததும் செய்தார் என்பதுதான்.

எனவே ஒரு தொகையைக் குறியுங்கள். இரண்டாயிரமோ மூவாயிரமோ, உங்கள் பொருளின் விலையைப் பொறுத்தது. அதுவரை யாரையும் கேட்காமல் மாற்று விதை கொடுக்க, பணம் திருப்ப, பார்சல் மறுபடி அனுப்ப முன்வரிசை ஊழியருக்கு எழுத்தில் உரிமை கொடுங்கள். துண்டுச் சீட்டை பில்லாக ஏற்கலாம் என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். வட்டாரத்துக்கு ஒரு களப்பணியாளர் கட்டாயம் வேண்டும். மழை பெய்தால் கரிசலில் பைக் இறங்காது, செருப்பில் மண் அப்பிக் கால் தூக்க முடியாது. பெட்டிக்கடை வரைக்கும் வந்து நின்று, வரப்பில் நடந்து பார்க்கிறவராக அவர் இருக்க வேண்டும்.

தானியங்கி சொன்னது நீங்கள் சொன்னது

2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் ஒன்று ஏர் கனடாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பாட்டி இறந்த துக்கத்துக்குப் போன பயணியிடம், கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்கலாம் என்று சாட்பாட் தவறாகச் சொல்லியிருந்தது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. உங்கள் தானியங்கி எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பூச்சிமருந்தின் அளவு, காப்பீட்டுப் பணம் கிடைக்குமா என்பது, கடன் வட்டித் தள்ளுபடி. இந்த மூன்றும் அதில் முதலில் இருக்கட்டும்.

காப்பீட்டில் இன்னொன்றும் உண்டு. பயிரில் வெள்ளம் தேங்குவது போன்ற இழப்பை பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கான எண் 14447. கெடு ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பைக் காத்திருப்பு இசையில் போடுவது கூப்பிட்டவருடைய பணத்தைப் பிடுங்குவதற்குச் சமம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தின் பல பகுதிகளில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அப்படிப்பட்ட நாளுக்காக ஊர்வாரியாக வாடிக்கையாளர் பட்டியலைக் காகிதத்தில் எடுத்து வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் நீங்களே அவர்களைத் தேடிப் போக அது வேண்டும்.

எதை எண்ணுவது

அழைப்பு எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்று எண்ணாதீர்கள். அதே ஆள் அதே விஷயத்துக்கு ஏழு நாளில் மறுபடி கூப்பிட்டாரா என்று எண்ணுங்கள். ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம் 700 பேர் வேலையைத் தன் சாட்பாட் பார்க்கிறது என்று 2024-இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே, செலவைக் குறைப்பதில் குறியாக இருந்ததால் தரம் இறங்கிவிட்டது என்று அதன் தலைவர் ஒப்புக்கொண்டு மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து அழைப்புப் பதிவுகளை மேலாளர் தன் காதால் கேட்க வேண்டும். பாதியில் துண்டித்துப் போனவர்களுடையது அதில் ஐந்து இருக்கட்டும்.

அடுத்த லாட் பை அச்சுக்குப் போகும்போது ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். எண்ணுக்குக் கீழே ஆள் பேசும் நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: காலை 6 முதல் 9, மாலை 5 முதல் 9. பகல் முழுக்க அவர் காட்டில் இருப்பார்.