கரையில் கேட்க வேண்டிய கேள்வி



ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் பஸ் பிடித்துப் போய் வந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று போய், குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் நின்றுவிடும். அதற்கு அப்பால் கடல். வள்ளத்தில் ஏறுமுன் கரையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"தம்பி, இந்தக் காசு போக வர ரெண்டுக்கும் சேத்துத்தானுங்களே?"

"இல்லையம்மா, இது போறதுக்கு மட்டும். வாறதுக்கு வேறை குடுக்கவேணும். கடைசி வள்ளத்துக்கு முந்தி வந்திடுங்கோ."

எவ்வளவு, எதற்கு, எதுவரைக்கும் என்ற மூன்று கேள்விகளும் கரையில் கேட்டால் நாலு வார்த்தையில் முடிந்துவிடும். நடுக்கடலில் கேட்டால் சண்டை வரும், வள்ளமும் ஆடும். தொழிலாளர் பெயரில் போடப்படும் ஒப்பந்தமும் அப்படித்தான். இதை விளங்கிக்கொள்ள ஒரு கிரிக்கெட் அணியின் கதையை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பாதியில் நின்ற பயணம்

நயினாதீவும் நெடுந்தீவும் ஊர்காவற்றுறையும் சேர்ந்து நமக்குத் தீவகம் ஆவதுபோல, கரீபியன் கடலில் ஜமேக்கா, பார்படோஸ், டிரினிடாட் முதலிய தீவுகள் இருக்கின்றன. தனித்தனி நாடுகள்தான், ஆனாலும் கிரிக்கெட்டில் மேற்கிந்தியத் தீவுகள் என்ற ஒரே அணியாக ஆடுகின்றன. நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த 19ஆம் நூற்றாண்டில், அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அந்த அணியில் ஆடியிருக்கிறார்கள்.

2014 ஒக்டோபரில் அந்த அணி இந்தியாவுக்கு வந்தது. 5 ஒருநாள் போட்டி, ஒரு இருபது ஓவர் போட்டி, 3 டெஸ்ட் என்பது ஏற்பாடு. அதற்கு முந்திய மாதம், ஆட்டக்காரர் சங்கமும் கிரிக்கெட் சபையும் புதிய சம்பள ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருந்தன. அதன் விபரம் தங்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்றும், வருமானத்தில் முக்கால் பங்கு வரை குறையப் போகிறது என்றும் ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். சங்கத் தலைவர் வேவல் ஹைண்ட்ஸ் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் அணித் தலைவர் டுவெய்ன் பிராவோ அவருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்.

ஒக்டோபர் 8ஆம் திகதி கொச்சியில் முதல் போட்டி. முதல்நாள் பயிற்சிக்கு ஆட்டக்காரர்கள் வரவில்லை. போட்டி நடக்குமா என்றே சந்தேகம். கடைசியில் இறங்கி ஆடி, 124 ஓட்டங்களால் வென்றார்கள்! டில்லியில் தோற்றார்கள். விசாகப்பட்டினம் போட்டி ஹூட்ஹூட் புயலால் நின்றது. 17ஆம் திகதி தர்மசாலாவில் நாணயச் சுழற்சிக்குப் பிராவோ தனியாக வரவில்லை. அணி முழுவதும் அவரோடு மைதானத்துக்குள் நடந்து வந்து நின்றது. அன்றைய போட்டியோடு பயணம் முடிந்தது. மிச்சமிருந்த கொல்கத்தா ஒருநாள் போட்டியும், இருபது ஓவர் போட்டியும், 3 டெஸ்ட்டும் நடக்கவேயில்லை.

இரண்டு பக்கமும் பார்ப்போம்

சபைக்கும் சங்கத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. தேசிய அணிக்குப் போய்வந்த அனுசரணைப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, உள்ளூர்ப் போட்டிகளில் ஆடும் சின்ன ஆட்டக்காரர்களுக்கு நிரந்தரச் சம்பளம் கொடுப்பது திட்டம். 6 அணி, அணிக்கு 15 பேர், மொத்தம் 90 பேர். வருமானம் இல்லாதவனுக்கு வருமானம் கொடுப்பது நல்ல காரியம்தானே?

நல்ல காரியம்தான். ஆனால் யாருடைய பங்கு குறைகிறதோ அவர்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். "தம்பிமாரே, அவர்களுக்காக இவ்வளவு விட்டுக்கொடுப்பீர்களா?" என்று கரையில் கேட்டிருந்தால் சிலர் முணுமுணுத்திருப்பார்கள், சிலர் சம்மதித்திருப்பார்கள். கேட்காமல் போட்ட கையெழுத்து, அண்ணனையும் தம்பியையும் எதிர் எதிரே நிறுத்திவிட்டது.

நட்டம் யாருக்கு?

இந்தியக் கிரிக்கெட் சபை ஏறக்குறைய 4 கோடியே 20 இலட்சம் அமெரிக்க டொலர் நட்டஈடு கேட்டது. இரு நாட்டுத் தொடர்களும் நிறுத்திவைக்கப்பட்டன; 2016 ஜூலையில்தான் இந்திய அணி மறுபடி அங்கே போனது. பிராவோவும் பொலார்டும் 2015 உலகக் கிண்ண அணியில் சேர்க்கப்படவில்லை. 23 வயது ஜேசன் ஹோல்டர் தலைவரானார்.

வெறுமையான இடத்தை நிரப்ப நம் இலங்கை அணி அவசரமாக அழைக்கப்பட்டது. 2014 நவம்பரில் 5 போட்டி, ஐந்திலும் தோல்வி. அந்தத் தொடரில்தான் கொல்கத்தாவில் ரோஹித் சர்மா 264 ஓட்டம் அடித்து உலக சாதனை வைத்தார். நம் அணி முழுவதும் சேர்ந்து எடுத்தது 251! அடுத்தவர் வீட்டுப் பிரச்சினைக்கு நடுவே ஆயத்தமில்லாமல் போய் நின்றால் இப்படியும் ஆகும்.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்கக் காற்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம். 1982இல் அதன் ஆட்டக்காரர்கள் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு அணியும் 16 போட்டி ஆட வேண்டிய பருவம் 9 போட்டியாகச் சுருங்கியது. 1987இல் மறுபடி 24 நாள். இந்தத் தடவை முதலாளிமார் பதிலாட்களைப் பிடித்து 3 வாரம் ஆட்டத்தை நடத்திவிட்டார்கள். வாஷிங்டன் அணியின் பதிலாட்கள் மூன்று போட்டியிலும் வென்றார்கள். பிறகு பழைய ஆட்டக்காரர்கள் திரும்பி வந்து, 1988 ஜனவரியில் கிண்ணத்தையும் எடுத்தார்கள். வெற்றி மோதிரம் அந்தப் பதிலாட்களுக்குக் கிடைத்தது 2018இல், 30 வருஷம் கழித்து. விரும்பிய அணிக்கு மாறும் உரிமையோ, நீதிமன்றப் படி பலமுறை ஏறிய பிறகு 1993 ஒப்பந்தத்தில்தான் வந்தது.

வேலைநிறுத்தம் தொழிலாளியின் உரிமை. அதில் சந்தேகமில்லை. ஆனால் அது கடைசி வள்ளம். அதை நம்பி முதல் வள்ளத்தைத் தவறவிடக்கூடாது.

நம்ம கணக்கு

இனி நம் விஷயத்துக்கு வருவோம். 2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதன் உள்ளே என்ன இருந்தது? அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30. 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் வரவும் உற்பத்தித்திறனும் எடுக்கப்பட்டு, அடிப்படை 700, விலைப்பங்கு 50 என்று 750 ஆனது. மேலோட்டமாகப் பார்த்தால் "என்னாங்க, இருபது ரூவாதான் கூடியிருக்கு" என்று தோன்றும். ஆனால் அடிப்படை 200 ரூபா கூடியிருந்தது. ஊழியர் சேமலாப நிதி அடிப்படையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. மறுபக்கம், தினமும் தவறாமல் பெரட்டுக்கு வந்து நிறையக் கொழுந்து எடுத்தவருக்கு முன்பு கிடைத்த 200 ரூபா கொடுப்பனவு இல்லாமல் போனது. ஆகவே இந்தப் பத்திரம் ஆளுக்கு ஆள் வேறு வேறு பலன் தந்தது. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

2021 மார்ச்சில் சம்பளச் சபை வர்த்தமானி மூலம் 1000 ரூபா வந்தபோதும் 900 ஒரு பகுதி, 100 ஒரு பகுதி என்றுதான் வந்தது. ஒப்பந்தமானாலும் வர்த்தமானியானாலும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் லயத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டலாம். சங்கத் தலைவரிடம் பிரதி கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. நாம் கட்டும் சந்தாவில்தான் சங்கம் நடக்கிறது.

கூடிப் பேசுவதற்கு

1. சின்ன ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பெரிய ஆட்டக்காரர்களின் பங்கைக் குறைத்தது சரியா? எப்படிச் செய்திருக்கலாம்?

2. உங்கள் சம்பளச் சீட்டில் அடிப்படை எவ்வளவு, மற்றக் கொடுப்பனவு எவ்வளவு? இன்றே எடுத்துப் பாருங்கள்.

3. உங்கள் தோட்டத்தில் கடைசியாக எப்போது ஓர் ஒப்பந்தம் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது?

அடுத்த தடவை குறிகட்டுவானில் நிற்கும்போது வள்ளக்காரத் தம்பியிடம் கேட்பீர்கள்தானே, போறதுக்கு மட்டுமா, வாறதுக்கும் சேர்த்தா என்று? அதே கேள்வியைத் தோட்டத்திலும் கேளுங்கள். வள்ளம் கரையில் நிற்கும்போதே கேளுங்கள்.