சிலுவைப் பலியும் நமது பரிகாரமும்

கோபங்கொண்ட தந்தை ஒருவர்; அவரது சினத்தைத் தணிக்க உயிரைக் கொடுத்த மகன் ஒருவர். மீட்பைப் பற்றி நம்மிற் பலர் மனதில் வைத்திருக்கும் சித்திரம் இதுவே. திருச்சபை போதிப்பது இதுதானா என்று, அன்பார்ந்த வாசகரே, நீங்கள் எப்போதாவது சிந்தித்ததுண்டா?

பழைய ஏற்பாட்டிலிருந்து தொடங்குவோம். லேவியராகமம் 16ஆம் அதிகாரம் பாவப் பரிகார நாளை விவரிக்கின்றது. அன்று மக்களுக்காக இரு வெள்ளாட்டுக் கடாக்கள் கொண்டுவரப்படும். ஒன்று பலியாகும். மற்றதன் தலைமீது தலைமைக் குரு கைகளை வைத்து, மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதைப் பாலைவனத்துக்கு அனுப்பிவிடுவார். இச்சடங்கை ஏற்படுத்தியவர் யார்? இறைவனே. தம்மிடம் மக்கள் திரும்பி வருவதற்கு அவரே வழி திறந்துவிட்டார்.

புனித பவுலும் இவ்வாறே போதிக்கின்றார். 2 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே ஒப்புரவாக்குபவர் கடவுள், ஒப்புரவாக்கப்படுபவர்கள் நாம்.

கன்ரபரிப் பேராயர் புனித அன்செல்ம், ‘கடவுள் மனிதரானது ஏன்?’ என்னும் நூலை 1098இல் எழுதி முடித்தார். பாவத்துக்கு ஈடுசெய்ய வேண்டியவன் மனிதன். ஈடுசெய்ய வல்லவர் கடவுள் மட்டுமே. ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் தேவை என்பது அவர் காட்டிய நியாயம். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இதனை மேலும் விளக்கினார். இறைவன் வேறு வழியிலும் நம்மை மீட்டிருக்கலாம். ஆனால் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றார். கிறிஸ்துவின் பாடுகள் நிறைவான பரிகாரமானதற்கு அவர் முதற் காரணமாகக் கூறுவது, அவற்றை ஏற்ற அன்பின் பெருமையையே.

அப்படியானால் எல்லாம் செலுத்தப்பட்டாயிற்று, நமக்கு இனி வேலையில்லை என்று இருந்துவிடலாமா? கூடாது. மன்னிப்புப் பெற்றவரும் பரிகாரம் செய்ய வேண்டும் என்றும், அது கிறிஸ்துவின் வழியாகவே பயன் பெறுகின்றது என்றும் திரெந்துப் பொதுச்சங்கம் 1551இல் போதித்தது. சக்கேயுவை நினைத்துக்கொள்ளுங்கள் (லூக்கா 19). அவன் திருப்பிக் கொடுத்த பின்னர் ஆண்டவர் அவன் வீட்டுக்கு வரவில்லை. ஆண்டவர் வந்த பின்னரே அவன் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான்.

எனவே, பாவசங்கீர்த்தனம் செய்து மூன்று அருள்நிறை மந்திரங்களைச் சொன்னதோடு கணக்குத் தீர்ந்தது என எண்ணாதீர்கள். அயலவரின் எல்லைக்குள் கதியாலைத் தள்ளி நட்டவர், அதைப் பிடுங்கி உரிய இடத்தில் நடட்டும். பிறர் பெயரைக் கெடுத்தவர், பேசிய இடத்திலேயே அதை மறுத்துரைக்கட்டும். இது நீதி நம்மிடம் கேட்கும் கடமை. இதனால் மீட்பை நாம் விலைக்கு வாங்குவதில்லை. இலவசமாகப் பெற்ற மீட்பு நம்மில் வேரூன்றிவிட்டது என்பதைக் காட்டுகின்றோம்.