தடிமரத்தில் நேர்த்துளை: உழவர் பழக வேண்டிய ஒரு தச்சுப் பாடம்

நம் தொழுவத்தின் மூலையில் கிடக்கிற பழைய சாமான்களை ஒருநாள் வெளியே எடுத்துப் போட்டுப் பாருங்கள். நுகத்தடி, கலப்பை, பரம்புப் பலகை, வண்டிச் சட்டம் என்று ஏதாவது கிடக்கும். பெரும்பாலும் மரம் கெட்டிருக்காது. துளைதான் கெட்டிருக்கும். முளை ஆடி ஆடித் துளை அகன்றிருக்கும். இல்லையென்றால் துளை கோணலாகப் போய், அந்த இடத்தில் மரம் வெடித்திருக்கும். ஒரு துளைக்காக ஒரு கருவியையே விறகாக்கி விடுகிறோம். கருவி போனால் ஏர் நிற்கிறது. ஏர் நின்றால் மாட்டுக்குத் தீனி போடுவது வீண் செலவாகத் தெரிகிறது. மாடு போனால் எருவும் போகிறது. அப்புறம் இயற்கை வேளாண்மைக்கு எருவையும் விலை கொடுத்து வாங்கும் நிலை.

எங்கள் கண்டரமாணிக்கம் பக்கம் கண்மாய்ப் பாசனமும் மானாவாரியும்தான். மஞ்சுவிரட்டுக் காளையை ஆசையாக வளர்க்கிறார்கள். உழவுக்குப் பழக்கிய சோடி மாடுதான் குறைந்துவிட்டது. கலப்பை, நுகத்தடி வேலை தெரிந்த தச்சர்களும் கதவு, நிலை, அலமாரி வேலைக்கு நகரத்துப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வருசத்துக்கு இரண்டு நுகத்தடி செய்து குடும்பம் நடத்த முடியுமா? ஆகவே சின்னப் பழுதுகளை நாமே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும். அறுப்பது, செதுக்குவது எல்லாம் ஓரளவு நமக்கு வரும். தடித்த மரத்தில் ஆழமாக, நேராக, சுத்தமாகத் துளை போடுவதுதான் வராது. இந்தப் பாடம் அதற்காக.

ஒரு அங்குலம் தவறினால்

எங்கள் வீட்டு நுகத்தடியில் ஐந்து துளை. நடுவில் ஒன்று, அதன் முளையில்தான் ஏர்க்காலைக் கட்டும் கயிறு நிற்கும். ஒவ்வொரு மாட்டின் கழுத்துக்கும் இரண்டு பக்கமும் முளைக்குச்சிக்கு இரண்டிரண்டு. நடுத்துளையிலிருந்து இரண்டு மாட்டின் கழுத்துக்கும் 21 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பாரம் 84 கிலோ என்றால் மாட்டுக்கு 42 கிலோ. நடுத்துளை ஒரே ஒரு அங்குலம் தள்ளிப் போய்விட்டது என்றால் ஒரு பக்கம் 20, மறுபக்கம் 22 அங்குலம். இப்போது குட்டைப் பக்கத்து மாட்டுக்கு 44 கிலோ, நெட்டைப் பக்கத்து மாட்டுக்கு 40. நாள் முழுக்க ஒரு மாடு நாலு கிலோ கூடுதலாக இழுக்கிறது. நாம் அதைச் சோம்பேறி மாடு என்று அடிக்கிறோம்.

இதே கணக்கைத் தெரிந்துதான், சோடியில் ஒன்று இளைத்த மாடாக இருந்தால் நடுக்கயிற்றைப் பலத்த மாட்டின் பக்கம் கொஞ்சம் தள்ளிக் கட்டுவார்கள். தெரிந்து தள்ளினால் அது வித்தை. துளை தானாகத் தள்ளிப் போனால் மாட்டுக்குத் தண்டனை. முளைக்குச்சித் துளை சாய்ந்து இறங்கினாலும் குச்சி கழுத்தை உரசும், புண் வரும்.

ஒற்றை நாற்று நடவுக்கு 25 செ.மீ. இடைவெளியில் கோடு போடுகிற மர மார்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் துளை போட்டு முளை அடித்தது அது. துளை மேலே சரியான இடத்தில் இருந்து, கொஞ்சம் சாய்வாக இறங்கினால் போதும். முளையின் நுனி நிலத்தைத் தொடும்போது இரண்டு, மூன்று செ.மீ. விலகியிருக்கும். பிறகு களையெடுக்கும் கருவியை வரிசைக்குள் தள்ளும்போது அது பயிரை மிதிக்கும்.

எந்த பிட் எதற்கு

கடையில் போய் டிரில் பிட் என்று கேட்டால் பெரும்பாலும் இரும்புக்கான பிட்டைத்தான் கொடுப்பார்கள். அது மரத்திலும் இறங்கும். ஆனால் மெல்லிய துளைக்குத்தான் சரி. முக்கால் அங்குலம், ஒரு அங்குலத் துளைக்கு அது ஆரம்பத்திலேயே வழுக்கும், ரேகை போகிற பக்கம் ஓடும். தட்டையாக மண்வெட்டி மாதிரி இருக்கும் பிட் விலை குறைவு. பலகைக்குச் சரி. நாலு அங்குலத் தடிமனில் அதற்குத் தூளை வெளியே தள்ள வழியில்லை. சூடேறி மரம் கருகும், மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும்.

தடிமரத்துக்கு என்றே உள்ளது ஆகர் பிட். நம் தச்சர்களிடம் இருந்த துரப்பணம், தமர் ஆகியவற்றின் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. கயிற்றால் இழுக்கும் துரப்பணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிச் சுற்றும். சுரண்டித்தான் துளை போடும். ஆகர் பிட் ஒரே திசையில் சுற்றும், சீவிக்கொண்டே இறங்கும். அமெரிக்காவில் ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் என்பவர் 1855இல் இரட்டை முறுக்கு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பிட்டுகளிலும் வேலை நடக்கிற விதம் கிட்டத்தட்ட அதேதான்.

பிட்டைக் கையில் எடுத்து அதன் நான்கு உறுப்புகளைப் பாருங்கள்.

திருகு மூக்கு: நுனியில் இருக்கும் சின்னத் திருகு. மரத்தைக் கடித்துப் பிட்டைத் தானே உள்ளே இழுக்கும். நாம் அழுத்தத் தேவையில்லை.

வெட்டுப் பல்: ஓரத்தில் கத்தி மாதிரி நீண்டிருக்கும். முதலில் இது வட்டமாக மரநாரை அறுத்துவிடும். துளையின் ஓரம் சுத்தமாக வருவது இதனால்தான்.

சீவும் அலகு: அறுபட்ட வட்டத்துக்குள் உள்ள மரத்தை இழைப்புளி போலச் சீவி எடுக்கும்.

முறுக்கு: சீவலை மேலே ஏற்றி வெளியே தள்ளும்.

இந்த நான்கில் ஒன்று மழுங்கினாலும் மற்ற மூன்றும் வேலைக்கு ஆகாது. வாங்கும்போது மூக்கின் புரி முழுசாக இருக்கிறதா, பல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் பிட்டுகளில் வெறும் எண் மட்டும் பொறித்திருக்கும். அது அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு. 8 என்றால் அரை அங்குலம், 12 என்றால் முக்கால், 16 என்றால் ஒரு அங்குலம். நம் வேலைக்கு இந்த மூன்றும் போதும்.

கையா, மெசினா?

வளைந்த கைப்பிடியைச் சுற்றும் பிரேஸ் கிடைத்தால் அதுவே நல்லது. கரண்ட் வேண்டாம், வயலிலேயே வேலை பார்க்கலாம், மெதுவாகச் சுற்றுவதால் கோணல் வந்தால் உடனே தெரியும். பழைய பிட்டின் அடிப்பகுதி சதுரமாகக் கூம்பியிருந்தால் அது பிரேசுக்கு உரியது. ஆறு பட்டையாக இருந்தால் மெசினுக்கு.

மெசினில் போடுவதானால் வேகம் குறைவாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 500 சுற்றுக்குக் கீழே, முதல் கியரில் வையுங்கள். சுவரில் துளை போடும் அதிவேக மெசினில் மாட்ட வேண்டாம். திருகு மூக்கு மரத்தைக் கடித்து இழுக்கும்போது பிட் சிக்கிக்கொண்டால் மெசின் உங்கள் மணிக்கட்டைத் திருப்பிவிடும். பக்கக் கைப்பிடி இல்லாமல் ஒரு அங்குலப் பிட்டை ஓட்டாதீர்கள். மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு துளை போடக்கூடாது. இரண்டு கட்டைக்கு நடுவே இறுக்குங்கள், அல்லது மரத்தோடு கயிறு போட்டுக் கட்டுங்கள். தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, கையுறை எதுவும் வேண்டாம். சுற்றும் பிட்டில் மாட்டினால் இழுத்துவிடும்.

துளை போடும் முறை

மரம்: நுகத்தடிக்கு மஞ்சணத்தி கனம் குறைவு, கழுத்துக்கு இதம். கலப்பைக்குக் கருவேலம். நம் மாவட்டத்தில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தில் முளைக்குச்சி, படல் கால் செய்யலாம். நன்றாகக் காய்ந்துவிட்டால் அது பிட்டைத் தின்னும். அதில் துளை போடுவதானால் ஈரம் முழுக்கப் போவதற்குள் போடுங்கள்.

காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் பழைய தேக்குத் துண்டுகள் விலைக்குக் கிடைக்கும். அருமையான மரம். ஆனால் உள்ளே ஆணி ஒடிந்து கிடக்கும். ஒரு காந்தத்தை மேலே நகர்த்திப் பாருங்கள். மேலாக உள்ள ஆணியை அது காட்டிக் கொடுக்கும். கருநீலக் கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஆணியில் பட்டால் வெட்டுப் பல் போச்சு.

குறி: நூலில் சுண்ணாம்போ கரியோ தடவி மரத்தின் நீளத்துக்கு நடுக்கோடு அடியுங்கள். மரத்தைத் திருப்பி எதிர்ப்பக்கமும் அடியுங்கள். அளவை நுனியிலிருந்து எடுக்காதீர்கள், நடுத்துளையிலிருந்து இரண்டு பக்கமும் எடுங்கள். துளையின் அகலம் மரத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. நுனிக்கு மிக அருகே துளை போட்டால் மரம் பிளக்கும். ஒரு அங்குலத் துளைக்கு நாலு அங்குலமாவது விடுங்கள்.

தொடக்கம்: குறியில் குத்தூசியால் ஆழமாக ஒரு குத்து. மூக்கை அதில் வைத்து மெதுவாக இரண்டு சுற்று. வெட்டுப் பல் முழு வட்டமாகக் கீறுகிறதா என்று பாருங்கள். வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் கீறல் விழுந்தால் பிட் சாய்ந்திருக்கிறது. திருத்துவதற்கு அதுதான் நேரம். ஒரு அங்குலம் இறங்கிய பிறகு பிட்டைச் சாய்த்துத் திருத்தப் பார்த்தால் துளை வாய் அகலும், அல்லது பிட் வளையும்.

நேர்: மூலமட்டத்தைப் பிட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் பார்த்தால் போதாது. முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டும் பார்க்க வேண்டும். வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் நிற்கச் சொன்னால் வேலை எளிது.

சீவல்: காய்ந்த மரத்தில் சீவல் தானாக ஏறி வரும். ஈர மரத்தில் முறுக்குக்குள் அடைத்துக்கொள்ளும். ஒரு அங்குலம் இறங்கியதும் நிறுத்தி, எதிர்த் திசையில் இரண்டு மூன்று சுற்று சுற்றி மூக்கை விடுவியுங்கள். பிறகு பிட்டை வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

மறுபக்கம்: துளை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மூக்கின் நுனி தட்டுப்பட்டதும் நிறுத்திவிடுங்கள். மரத்தைத் திருப்பிப் போட்டு, அந்தச் சின்ன ஓட்டையில் மூக்கை வைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து துளையுங்கள். இரண்டு பக்கமும் வாய் சுத்தமாக இருக்கும். நுனி எதிர்ப்பக்க நடுக்கோட்டில் வந்திருந்தால் உங்கள் துளை நேராக இறங்கியிருக்கிறது.

கடைசியில் துளையின் வாயை அரை வட்ட அரத்தால் மழுக்குங்கள். கூர்மையான ஓரம் கயிற்றை அறுக்கும். உள்ளே வேப்பெண்ணெய் அல்லது புங்கெண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவுங்கள். ஈரமும் பூச்சியும் முதலில் புகும் இடம் துளைதான்.

முளையும் துளையும்

மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்குவாக்கில்தான் சுருங்கும். ஆகவே ஈர மரத்தில் போட்ட வட்டத் துளை, காய்ந்ததும் கொஞ்சம் நீள்வட்டமாகிவிடும். இதை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம்.

முளை நிரந்தரமாக இருக்க வேண்டும் என்றால், மார்க்கர் பல், படல் குறுக்குக்கட்டை போன்றவற்றில், லேசான ஈரமுள்ள மரத்தில் துளை போட்டு நன்றாகக் காய்ந்த முளையை அடியுங்கள். மரம் சுருங்கி முளையைக் கவ்விக்கொள்ளும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். கழற்றி மாட்டும் முளையென்றால், நுகத்தடி போல, மரத்தை முழுக்கக் காயவைத்த பிறகே துளை போடுங்கள். இல்லையென்றால் மாசியில் சரியாக இருந்த குச்சி வைகாசியில் உள்ளே போகாது.

முளையை ரம்பத்தால் அறுத்து எடுப்பதைவிடக் கட்டையைப் பிளந்து எடுப்பது மேல். பிளக்கும்போது நார் முழு நீளமும் ஓடும், ஒடியாது.

பிட்டைப் பேணுதல்

சின்னத் தட்டை அரம் ஒன்று போதும். வெட்டுப் பல்லை உட்பக்கம் மட்டும் தீட்டுங்கள். வெளிப்பக்கம் அரம் பட்டால் பிட்டின் வட்டம் குறைந்து துளைக்குள் இறுகும். சீவும் அலகை முறுக்குப் பக்கம், அதாவது மேல்பக்கம் மட்டும் தீட்டுங்கள். திருகு மூக்கில் அரமே படக்கூடாது. புரிக்குள் அடைத்த மரத்தூளை ஊசியால் எடுத்தால் போதும். வேலை முடிந்ததும் எண்ணெய் துடைத்துத் துணியில் சுருட்டி வையுங்கள். மற்ற இரும்போடு டப்பாவில் போட்டால் பல் மோதி மழுங்கும்.

ஒரு வீட்டுக்கு இது வருசத்தில் நாலைந்து நாள் வேலை. ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. ஊர்க்குழுவுக்கு மூன்று பிட், ஒரு பிரேஸ், ஒரு மூலமட்டம், ஒரு அரம் என்று பொதுவில் வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் பழைய தச்சர் யாராவது இருந்தால் ஒருநாள் கூலி கொடுத்து அழைத்து உட்காரவையுங்கள். அவர் கண் பார்த்து நேர் சொல்வதை எழுத்தில் கற்றுத் தர முடியாது.

முதல் துளையை நுகத்தடியில் போடாதீர்கள். விறகுக் கட்டையில் பத்துத் துளை போட்டுப் பாருங்கள். பத்தில் எட்டு, எதிர்ப்பக்க நடுக்கோட்டில் வந்து நின்றால் உங்கள் கை பழகிவிட்டது. அப்புறம் தொழுவத்து மூலையில் கிடக்கிற அந்தப் பழைய நுகத்தடியை எடுங்கள்.