விஞ்ஞானமும் மொழியும் சேருமிடத்தில் ஒரு தொழில்

1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈராக் நாட்டு விவசாயிகளுக்கு விதைப்பதற்கென வெளிநாட்டுத் தானியம் வழங்கப்பட்டது. பூஞ்சணம் பிடியாதிருக்க அதற்கு இரசம் சேர்ந்த நஞ்சு பூசப்பட்டிருந்தது. மூடைகளில் எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் அது ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலுமே இருந்தது. பலர் தானியத்தின் செந்நிறச் சாயத்தைக் கழுவிவிட்டு, மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டனர். 6,530 பேர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் மாண்டனர்.

எச்சரிக்கையில் எழுதியிருந்தது உண்மைதான். வாசிக்க வேண்டியவருக்கு அது விளங்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் கல்வியே விஞ்ஞான, தொழில்நுட்பத் தொடர்பாடல். இதிற் பட்டம் பெற்றோருக்கு என்ன தொழில்கள் உண்டு?

முதலாவது, இயந்திரங்களுக்கும் கணனி மென்பொருள்களுக்கும் கைந்நூல் எழுதுதல். ஐரோப்பிய ஒன்றியத்தில் இயந்திரம் விற்பவர், அது விற்கப்படும் நாட்டின் மொழியில் பாவனை அறிவுறுத்தல்களை வழங்க வேண்டுமென்பது சட்டம். ஆகவே எழுத்தாளருடன் மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படுகின்றனர்.

இரண்டாவது, விமானத்துறை. பராமரிப்பு நூல்களுக்கென வரையறுக்கப்பட்ட எளிய ஆங்கிலம் ஒன்று உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பது அதன் அடிப்படை.

மூன்றாவது, மருத்துவ எழுத்து. மருந்துப் பரிசோதனை அறிக்கைகளையும், நோயாளருக்கான விளக்கத் துண்டுகளையும் எழுதுவோர் இவர்கள். இவற்றைவிட விஞ்ஞானப் பத்திரிகைத்துறை, நூதனசாலைகள், ஆராய்ச்சி நிலையங்களின் தகவற் பிரிவுகள் ஆகியனவும் உள்ளன.

எமது மண்ணுக்கும் இப்பணி புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களையும் ஆக்கினார்.

இன்று செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் ஒரு கைந்நூலின் வரைவைத் தந்துவிடுகிறது. எனவே பிறர் சொன்னதை அழகாக எழுதித் தருவது மாத்திரம் இனிப் போதாது. இயந்திரத்தைத் தாமே இயக்கிப் பார்ப்பவர், பொறியியலாளரிடம் துணிந்து வினவுபவர், எழுதியதைச் சாதாரண மனிதரிடம் கொடுத்து அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கவனிப்பவர்: இத்தகையோரின் தேவை குறையாது. பிழையான ஓர் அறிவுறுத்தலுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் மனிதரே.

பெற்றோரே, விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை எழுத்திலும் ஆர்வம் காட்டினால், நேரம் வீண் என்று தடுக்காதீர்கள். வீட்டிலுள்ள நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்கும் முறையை ஒரு பக்கத்தில், நல்ல தமிழில் எழுதச் சொல்லுங்கள். அதை முன்பின் இயக்காத ஒருவர், உங்கள் முன்னிலையில், அந்தத் தாளை மட்டும் பார்த்துப் படிப்படியாகச் செய்யட்டும். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே பிள்ளை திருத்தி எழுதட்டும். இத்தொழிலின் முதற் பாடம் அதுவே.