அயர்ன் சூடாகும் முன் வரிசை தயாராகட்டும்

தஞ்சைப் பகுதி விவசாயிகளுக்காகப் பம்புசெட் கண்ட்ரோலர் வடிவமைக்கிறேன். முன்மாதிரி போர்டுகளைக் கையால்தான் பொருத்துகிறேன். மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்தி, செல்போனுக்குச் செய்தி அனுப்புவது இதன் வேலை. ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடினால் காயில் எரிந்துவிடும். நாற்று தண்ணீருக்குக் காயும் நேரத்தில் மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குத் தூக்க வேண்டிவரும். ஆகவே வயலுக்குப் போகும் போர்டு நம்பகமாக இருந்தாக வேண்டும். கைநேர்த்தியைவிட, எதை முதலில் வைப்பது, எங்கே நிறுத்திச் சோதிப்பது என்ற திட்டமே அந்த நம்பிக்கையைத் தருகிறது.

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதையொட்டி வரும் குறுவைச் சாகுபடியில் சோதிக்க, மே மாதமே போர்டு முடிந்திருக்க வேண்டும். ரிலே, டெர்மினல் உள்ளூரிலேயே கிடைக்கும். சிறிய ஐசிகளை சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ கூரியரிலோ வரவழைக்க வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்து, லேபிள் ஒட்டி அடுக்கிய பிறகே வேலையைத் தொடங்குகிறேன். 0603 ரெசிஸ்டரின் அளவு 1.6 × 0.8 மி.மீ.; ட்வீசரிலிருந்து தெறித்தால் தேடிப் பயனில்லை. சில கூடுதலாக வாங்குங்கள்.

முதல் போர்டு: பகுதி பகுதியாக

முதலில் பவர் பகுதி மட்டும். பெஞ்ச் சப்ளையில் கரண்ட் வரம்பை 100 மில்லி ஆம்பியரில் வைத்து, வெளிவரும் வோல்டேஜை அளந்து எழுதுங்கள். SIM800L போன்ற ஜிஎஸ்எம் மாடியூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட்தான் ஆகும். ரெகுலேட்டரைச் சோதிக்காமல் மாடியூலைப் பொருத்தினால், தவறான வோல்டேஜில் அது போய்விடும். அடுத்து மைக்ரோகண்ட்ரோலர், புரோகிராம் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு ரிலே, அதன்பின் மாடியூல். மாடியூல் சிக்னல் அனுப்பும்போது நொடிப்பொழுதுக்கு 2 ஆம்பியர்வரை இழுக்கும். அப்போது கரண்ட் வரம்பை உயர்த்த மறக்காதீர்கள். 415 வோல்ட் வரும் பகுதி எப்போதும் கடைசிதான். மெயின்ஸ் இணைப்பில் இருக்கும் போர்டில் கை வைக்கவே கூடாது.

மற்ற போர்டுகள்: மதிப்பு வாரியாக

முதல் போர்டு தேறியபின் வரிசையை மாற்றுகிறேன். ஒரே மதிப்புள்ள பாகத்தை எல்லா போர்டுகளிலும் வைத்து முடித்துவிட்டே அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கிறேன். மேசையில் ஒரே மதிப்பு மட்டும் இருந்தால் பாகம் மாறாது. உயரம் குறைந்தவை முதலில். ரிலேயும் டெர்மினலும் கடைசியில். டையோடு, கெப்பாசிட்டர், ஐசி ஆகியவற்றின் திசையை அச்சிட்ட வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தையும் கணக்கில் எடுங்கள்

ஈரம் உறிஞ்சும் பாகங்களில் ஈர உணர்திறன் மூன்றாம் நிலையில் (MSL 3) உள்ளவை, உறை பிரித்தபின் 168 மணி நேரம் தாங்கும். ஆனால் அந்தக் கணக்கு 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள் மட்டுமே செல்லும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாக் காற்று அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஈரம் ஏறிய ஐசியை ஹாட் ஏரில் சூடாக்கினால் உள்ளே விரிசல் விழலாம். பொருத்தும் நாளில்தான் உறையைப் பிரியுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சால்டர் பேஸ்ட்டை, அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். திறந்தால் நீர் கோத்துக்கொள்ளும்.

வரிசையையும் அளவீடுகளையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். வயலில் ஒரு போர்டு நின்றால், எந்தப் பகுதியில் தேடுவது என்பதை அந்தத் தாள் சொல்லும். அடுத்த தொகுதியை ஒரு பாலிடெக்னிக் மாணவரே அதைப் பார்த்துச் செய்துவிடலாம்.